ஆறு மேசைக்கு வெளியே ஓடட்டும்: டான்யூப் போர்களை விளையாடும் விதம்

நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை மேசையில் விரிக்கிறோம், அதில் ஆறு ஒன்று வருகிறது என்றால் எல்லோரும் முதலில் செய்வது நீலப் பெயின்ட் அடித்த ஒரு நீளப் பட்டையை மேசையின் குறுக்கே போடுவதுதான். பிறகு விதி எழுதுவோம்: பாலம் வழியாக மட்டும் கடக்கலாம், இறங்கிக் கடந்தால் பாதி வேகம், தண்ணீருக்குள் நிற்பவர் அடிவாங்கினால் கூடுதல் சேதம். ஓடை, வாய்க்கால், முழங்காலளவு சிற்றாறு இதற்கெல்லாம் அது போதும். வியன்னா வழியாக ஓடும் பெரிய ஆறான டான்யூபுக்குப் போதாது. 1805லும் 1809லும் அந்த ஆற்றின் கரையில் நடந்த சண்டைகளை மேசையில் ஆடிப் பார்ப்பவர்கள் பாதிப் பேர் ஏமாந்து போவதற்குக் காரணம் இந்த நீலப் பட்டைதான் என்பது என் கட்சி.

இந்தப் பொழுதுபோக்கைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சின்னச் சின்னப் படைவீரர்களை அந்தந்த ரெஜிமென்டின் சீருடை நிறத்தில் பெயின்ட் அடித்து, சிறு சிறு தகடுகளில் கும்பலாக ஒட்டி, ஊரும் காடும் மேடும் அமைத்த மேசையில் அளவுகோல் வைத்து நகர்த்தி, சுடுவதையும் மோதுவதையும் டைஸ் உருட்டித் தீர்மானிப்பது. பொம்மை 28 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும், 6 மில்லிமீட்டரும் இருக்கும். எதை எடுக்கிறோம் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரித் தெரியும். ஆற்றுப் போர் என்று வந்தால் அதுதான் முதல் கணக்கு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஆஸ்பெர்ன்-எஸ்லிங் போரின் கதை. 1809 ஏப்ரலில் ஆஸ்திரியா பவேரியாவுக்குள் நுழைந்தது. தளபதி ஆர்ச்டியூக் சார்லஸ், பேரரசரின் தம்பி. அந்த மாதக் கடைசி வாரங்களில் அடுத்தடுத்து வாங்கிய அடியில் அவர் டான்யூபின் வடகரைக்குப் பின்வாங்கினார். நெப்போலியன் தென்கரை வழியாகவே போய் மே 13இல் வியன்னாவைப் பிடித்தார். ஊர் கிடைத்தது, பாலம் கிடைக்கவில்லை. 1805இல் இதே வியன்னாவில் பிரெஞ்சு மார்ஷல்கள் முராவும் லானும் 'போர் நிறுத்தம் ஆகிவிட்டது' என்று ஆஸ்திரியக் காவலர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பாலத்தில் நடந்துபோய் ஒரு குண்டு வெடிக்காமல் அதைக் கைப்பற்றியிருந்தார்கள். இரண்டாம் முறை ஆஸ்திரியர்கள் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை, பாலங்களை அழித்துவிட்டார்கள்.

ஆகவே நெப்போலியன் ஊருக்குக் கீழ்ப்புறம் கைசரெபெர்ஸ்டோர்ஃப் என்ற இடத்திலிருந்து லோபாவ் தீவுக்குப் படகுப் பாலம் கட்டினார். பெரிய கிளை தென்கரைக்கும் தீவுக்கும் நடுவில், அங்கேதான் பல நூறு மீட்டர் அகலத்துக்கு வெள்ளம் ஓடுகிறது. தீவுக்கும் வடகரைக்கும் நடுவில் ஒரு சின்னக் கிளை. அதைத் தாண்டினால் மார்ஷ்ஃபெல்ட் சமவெளி. இடது பக்கம் ஆஸ்பெர்ன் கிராமம், வலது பக்கம் எஸ்லிங் கிராமம், இரண்டுக்கும் நடுவே திறந்த வயல். மே மாதம், ஆல்ப்ஸ் பனி உருகி ஆறு ஏறிக்கொண்டிருந்த நேரம். கையில் கிடைத்த படகுகளை வைத்து, போதிய நங்கூரம் இல்லாமல், அவசரத்தில் போட்ட பாலம். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஆஸ்திரியர்கள் கல் ஏற்றிய படகுகளையும் வெட்டிய மரங்களையும் தீ வைத்த மிதவை ஆலைகளையும் வெள்ளத்தில் அவிழ்த்துவிட்டார்கள். பாலம் பல முறை அறுந்தது.

மே 21 மதியம் சார்லஸ் ஐந்து பத்திகளாக வந்து இறங்கியபோது வடகரையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 25,000 பேர். எதிரே ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, கூடவே 250க்கும் மேற்பட்ட பீரங்கிகள். இரவு முழுக்க ஆள் கடந்து மறுநாள் காலை பிரெஞ்சுப் பக்கம் 70,000ஐ நெருங்கியது. லான் நடுவில் தாக்கினார், ஆஸ்திரிய வரிசை வளைந்தது, அந்த நேரம் பார்த்துப் பெரிய பாலம் மறுபடி அறுந்தது. மார்ஷல் டாவூவின் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) தென்கரையில் மாட்டிக்கொண்டது, வெடிமருந்து வரவில்லை, தாக்குதலை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. அன்றிரவு எல்லோரும் லோபாவுக்குப் பின்வாங்கினார்கள். இரு பக்கமும் 20,000க்கு மேல் சேதம். லான் காலில் குண்டடி பட்டு மே 31இல் செத்துப் போனார்.

இந்தக் கதையில் ஆறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டான்யூபின் பெரிய கிளையை நீந்தியோ நடந்தோ கடக்கும் ஒரு பட்டாலியன் கூட இல்லை. தண்ணீரை நடுவில் வைத்துச் சுட்டுக்கொண்ட காட்சியும் முக்கியமில்லை. ஆறு செய்தது ஒரே வேலை: யார், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்று முடிவு செய்தது. அதாவது மேசையில் அது நிலப்பரப்பு கிடையாது, கடிகாரம். அதை மேசை ஓரத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, வந்து சேரும் படைகளின் அட்டவணையாக மாற்றினால்தான் விளையாட்டு உருப்படும்.

இப்போது அளவுக் கணக்கு. ஆஸ்பெர்னுக்கும் எஸ்லிங்குக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். 28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு ஒரு அங்குலம் 20 மீட்டர் என்று வைத்தால் அந்த இடைவெளி மட்டும் 100 அங்குலம், எட்டடிக்கும் மேல். இரண்டு கிராமங்களையும் வெளிப்புறம் சுற்றி வரும் ஆஸ்திரியர்களையும் வைக்கக் கல்யாண மண்டபம்தான் பார்க்க வேண்டும். அதே இடைவெளி, ஒரு அங்குலம் 100 மீட்டர் என்றால் 20 அங்குலத்தில் அடங்கும். ஆறடிக்கு நாலடி மேசை அப்போது 7.2 கிலோமீட்டருக்கு 4.8 கிலோமீட்டர் ஆகிறது, மொத்தச் சண்டையும் உள்ளே வந்துவிடும், மேசையின் கீழ் விளிம்பில் சின்னக் கிளை ஒரு அங்குல அகலத்துக்கு ஓடும். 6 மில்லிமீட்டர் பொம்மைகள் இங்கே அழகாகப் பொருந்தும். பெரிய கிளை மேசையிலேயே இருக்காது, இருக்கவும் வேண்டாம். அந்த ஒரு அங்குலத்தைப் பளிச்சென்ற நீலத்தில் அடிக்காமல், மே மாத வெள்ளத்துக்கு ஏற்றாற்போல் பச்சை கலந்த பழுப்பில் அடித்தால் கண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

பாலத்தை எப்படி நடத்துவது? பல சினாரியோக்களில் (ஒரு போரை ஆடுவதற்கு எழுதி வைக்கும் திட்டங்களில்) இருக்கும் வழி: ஒவ்வொரு சுற்றிலும் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒரு டைஸ் உருட்ட வேண்டும், 1 விழுந்தால் பாலம் போச்சு. சுலபம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டு சுற்று விளையாட்டில் ஒரு முறை கூட 1 விழாமல் போக ஏறத்தாழ 11 சதவீத வாய்ப்பு. ஒன்பது விளையாட்டில் ஒன்றில் பாலம் அறுவதே இல்லை, டாவூ ஜாலியாக நடந்து வந்துவிடுகிறார், ஆஸ்திரியப் பக்கம் உட்கார்ந்தவர் மாலை முழுக்க அடி வாங்குகிறார். இன்னொரு பக்கம் முதல் சுற்றிலேயே 1 விழுந்து, பழுது பார்க்கும் டைஸும் சரியாக விழாமல், பிரெஞ்சுக்காரர் பாதி விளையாட்டுக்கு வெறும் கையோடு உட்கார்ந்திருப்பதும் நடக்கும். முக்கியமான குறை இது இரண்டும் இல்லை. பாலத்தை உடைத்தவர்கள் ஆஸ்திரியர்கள். டைஸை பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தால் அது வானிலை மாதிரி ஆகிவிடுகிறது, எதிரி செய்த காரியம் என்ற உணர்வே போய்விடுகிறது.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஆஸ்திரியருக்கு விளையாட்டின் தொடக்கத்தில், வெள்ளத்தில் விடும் படகுகளையும் மரங்களையும் குறிக்கும் 6 மிதவை வில்லைகள் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ரகசியமாகக் கையில் மூடி வைக்கலாம்; பிரெஞ்சுக்காரர் அந்தச் சுற்றில் எந்த டிவிஷனைப் பாலத்தில் ஏற்றுகிறார் என்று அறிவித்த பிறகு கையைத் திறக்க வேண்டும். வில்லைக்கு ஒரு டைஸ், ஏதாவது ஒன்றில் 6 விழுந்தால் பாலம் அறும். மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டால் 42 சதவீத வாய்ப்பு. பழுது பார்க்கச் சுற்றுக்கு ஒரு டைஸ், 5 அல்லது 6 வேண்டும், அதாவது சராசரியாக மூன்று சுற்று. சுற்று ஒன்றுக்கு அரை மணி என்றால் ஒன்றரை மணி நேரம் யாரும் வர முடியாது. இதில் ஆஸ்திரியர் யோசிக்க வேண்டியிருக்கிறது: சீக்கிரம் விட்டால் வந்த கொஞ்சப் பேரை விழுங்கலாம், காத்திருந்தால் நடுப்பாலத்தில் பெரிய மீன் மாட்டும். பிரெஞ்சுக்காரரும் யோசிக்க வேண்டும், காலாட்படையை அனுப்பவா, வெடிமருந்து வண்டிகளை அனுப்பவா? வண்டி வராவிட்டால் அதற்கடுத்த சுற்றுகளில் அவருடைய பீரங்கிகள் பாதி டைஸோடுதான் சுடும். மே 22 காலை நடந்தது இதுதான்.

இதையும் செய்த பிறகு ஒரு பெரிய சிக்கல் பாக்கி இருக்கும். பாலம் அறும் என்று மேசையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். நெப்போலியனுக்குத் தெரியாது; 'சார்லஸ் பக்கத்தில் இல்லை, எதிரே பின்காவல் படைதான் இருக்கிறது' என்று நம்பித்தான் அவர் கடந்தார். படித்துவிட்டு வரும் பிரெஞ்சு ஆட்டக்காரர் என்ன செய்வார்? முதல் சுற்றிலேயே இரண்டு கிராமங்களையும் அடைத்துக்கொண்டு, சந்து சந்தாகச் சுவர் எழுப்பி, பாலத்தலையில் குந்திக்கொள்வார். லானின் தாக்குதல் எந்த மேசையிலும் நடக்காது. வரலாற்றை விளையாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வரலாற்றில் நடந்த ஒன்றைக் கூடச் செய்யாமல் எழுந்து போவோம்.

இதற்கு மருந்து இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் மன்னருக்காக ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார், அவர் மகன், பீரங்கிப்படை அதிகாரி, அதைத் திருத்தி 1824இல் ராணுவத்துக்குக் கொண்டுபோனார். அதில் எதிரியின் படைகள் எல்லாம் எந்தப் பக்கத்துக்கும் தெரியாது. ஆட்டக்காரர்கள் எழுத்தில் உத்தரவு கொடுப்பார்கள், நடுவில் ஒரு நடுவர் எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு, அவரவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடியதை மட்டும் சொல்லுவார். ஆற்றுப் போருக்கு நடுவர் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது: பாலம் அறுந்த செய்தி தீவைக் கடந்து வர நேரம் எடுக்கும், அதுவரை பிரெஞ்சுக்காரர் பின்னால் டாவூ வருகிறார் என்றே நினைத்துக்கொண்டு முன்னால் போவார். அந்த ஒரு சுற்றுத் தாமதத்தை நடுவர் தன் வாயை மூடிக்கொண்டே உண்டாக்கிவிடலாம்.

நடுவராக உட்கார ஆள் கிடைக்காவிட்டால் போரை மாறுவேடத்தில் கொண்டுவாருங்கள். வரைபடத்தை இடவலமாகத் திருப்பி, ஊர்ப் பெயர்களை மாற்றி, ஆஸ்திரியருக்குப் பதில் ரஷ்யர்களை வைத்து, ஆற்றுக்கு ஏதோ ஒரு பெயர் கொடுத்தால் அனுபவஸ்தர்கள் கூட மூன்றாவது சுற்று வரை கண்டுபிடிக்க மாட்டார்கள். சீருடை மாறுகிறதே என்று வருத்தப்படுபவர்கள் இருப்பார்கள், மாதக்கணக்கில் ஆஸ்திரியரின் வெள்ளைக் கோட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்களின் வருத்தம் நியாயமானதுதான்.

ஆஸ்பெர்ன் கிராமத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பெரும்பாலான விதிகள் ஒரு கிராமம் என்றால் ஒரு கட்டம், உள்ளே இத்தனை பட்டாலியன், அவ்வளவுதான் என்று முடித்துவிடும். ஆஸ்பெர்ன் அப்படி அடங்காது. மேற்கு முனையில் தேவாலயமும் சுவர் சூழ்ந்த கல்லறையும், அங்கிருந்து கிழக்கே நீண்டு போகும் தெருக்கள், தெற்கே ஆற்றோரப் புதர்க்காடு. இரண்டு நாளில் கிராமம் பல முறை கை மாறியது, மாறியது என்றால் முழுசாக இல்லை, தேவாலயம் ஆஸ்திரியர் கையிலும் கிழக்குத் தெருக்கள் பிரெஞ்சு மார்ஷல் மசேனா கையிலும் இருந்துகொண்டே மாறியது. ஒரே கட்டமாக வைத்தால் இந்தப் பாதிப் பிடிப்பு வராது, ஆகவே மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: தேவாலயமும் கல்லறையும், நடுத்தெரு, கிழக்கு வீடுகள். மேற்குக் கட்டத்தை மட்டும் உறுதியான அரணாக வையுங்கள். எஸ்லிங்கில் கதை நேர் எதிர். கிராமம் விழுந்தாலும் அங்கே இருந்த தானியக் களஞ்சியம் விழவில்லை. தடித்த சுவர், பல மாடி, பிரெஞ்சு ஜெனரல் பூதேயின் ஆட்கள் உள்ளே இருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆஸ்திரிய கிரனேடியர்கள் திரும்பத் திரும்ப மோதியும் பிடிக்க முடியவில்லை. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மேசையில் அதற்கு ஒரு தனிக் கட்டடத்தை வைத்து, சுற்றுப்புறத்தோடு சேர்க்காமல் தனியாகவே சண்டை போட வையுங்கள்.

இரண்டு கிராமங்களுக்கு நடுவே திறந்த வெளியில் இன்னொரு விஷயம் நடந்தது, இதை நிறைய விதிகள் கோட்டை விடுகின்றன. பிரெஞ்சு மார்ஷல் பெஸ்ஸியேரின் மார்க்கவசக் குதிரைப்படை நடுவிலிருந்த ஆஸ்திரியக் காலாட்படையின் மேல் மீண்டும் மீண்டும் பாய்ந்தது. வழக்கமான கணக்கில் காலாட்படை சதுரமாக நின்றால் தப்பும், ஆனால் நகர முடியாது. நகர வேண்டுமானால் சதுரத்தைக் கலைக்க வேண்டும். ஆஸ்திரியர்கள் அங்கே நின்றது வெற்றுச் சதுரத்தில் இல்லை, 'மாஸ்' என்று அவர்கள் அழைத்த நெருக்கமான கட்டிப் பத்தியில். உள்ளே காலி இடம் கிடையாது, ஆளோடு ஆள் ஒட்டி நிற்பது. அதிலேயே மெதுவாக முன்னேறவும் முடியும், குதிரை வந்தால் நின்று எல்லாப் பக்கமும் துப்பாக்கியை நீட்டவும் முடியும். விலை என்ன என்றால், பீரங்கிக் குண்டு ஒன்று விழுந்தால் வரிசை வரிசையாகப் போகும். ஆகவே விதியில் மாஸுக்குச் சதுரத்துக்கு உள்ள பாதுகாப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து, அரை வேகத்தில் நகர விட்டு, பீரங்கிக்கு எதிரே கூடுதல் டைஸ் அடிவாங்க வையுங்கள். அப்போது பிரெஞ்சுக்காரர் குதிரையை மட்டும் அனுப்பிப் பலனில்லை என்று புரிந்துகொண்டு பீரங்கியைத் தேடுவார், பீரங்கி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

டான்யூப் என்றால் ஆஸ்பெர்ன் மட்டும் இல்லை. அதே 1809 ஏப்ரலில் ரேகன்ஸ்பர்க் ஊரின் பழைய கல்பாலத்தைக் காக்க டாவூ ஒரே ஒரு ரெஜிமென்டை, 65வது லைன் காலாட்படையை, விட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல் வேலை, அவ்வளவு எளிதில் தகர்க்க முடியாது. இரண்டு கரையிலிருந்தும் நெருக்கப்பட்டு, தோட்டா தீர்ந்து, ரெஜிமென்ட் சரணடைந்தது, பாலம் முழுசாக ஆஸ்திரியர் கைக்குப் போனது, சில நாள் கழித்து சார்லஸின் தோற்ற படை அதன் வழியாகத்தான் வடக்கே தப்பியது. இதைத் தனி விளையாட்டாக ஆடினால் சின்னதாக இருக்கும், ஒரு ரெஜிமென்ட் எத்தனை சுற்றுத் தாங்கும் என்பதுதான் கேள்வி. ஒரு படையெடுப்பை முழுசாக, வரைபடத்திலும் மேசையிலும் மாறி மாறி, பல வாரம் ஆடுபவர்களுக்கு இது தங்கம்: இங்கே இரண்டு சுற்றுக் கூடுதலாகத் தாங்கினால் நான்கு வாரம் கழித்து வரும் ஆஸ்பெர்ன் வராமலே போகலாம்.

அதே ஆண்டு ஜூலையில் நெப்போலியன் மறுபடி ஆற்றைக் கடந்து நடத்திய வாக்ராம் போரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆற்று விளையாட்டாக அது ஏமாற்றம்தான். ஆறு வாரம் லோபாவில் உட்கார்ந்து, பெர்ட்ரானின் பொறியாளர்கள் ஆற்றில் மரத்தூண் இறக்கி உறுதியான பாலங்கள் கட்டி, மேலிருந்து வருவதைத் தடுக்கத் தனியாக வேலி மாதிரித் தூண் வரிசையும் அடித்துவிட்டார்கள். ஜூலை 4 இரவு இடியும் மழையுமாக இருக்கும்போது கிழக்குப் பக்கமாகக் கடந்து, ஜூலை 5, 6 இரண்டு நாள் மூன்று லட்சம் பேர் மோதிக்கொண்ட போரில் டான்யூப் வாயைத் திறக்கவே இல்லை. இரண்டாம் நாள் ஆஸ்திரிய வலப்பக்கம் ஆஸ்பெர்னைத் தாண்டிப் பாலங்களை நோக்கி இறங்கியபோது மட்டும், தீவிலிருந்த பெரிய பீரங்கிகள் அவர்கள் விலாவில் சுட்டன. சினாரியோ எழுதுபவர்கள் இந்த பீரங்கிகளை மறந்துவிட்டு 'பாலத்தைத் தொட்டால் ஆஸ்திரியர் வெற்றி' என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அப்படி எழுதினால் எல்லா ஆஸ்திரியரும் பாலத்துக்கே ஓடுவார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். இருக்கும் மேசை சின்னது, நண்பர்கள் இரண்டு பேர்தான் என்றால் 1805 நவம்பர் 11, டியூர்ன்ஷ்டைன். வடகரையில் ஒரு பக்கம் டான்யூப், மறுபக்கம் படிப்படியாக ஏறும் திராட்சைத் தோட்டங்கள், நடுவே ஒற்றைச் சாலை. அந்தச் சந்துக்குள் பிரெஞ்சு மார்ஷல் மோர்ட்டியேயின் கையில் கசானின் ஒரு டிவிஷன், சுமார் 6,000 பேர். எதிரே குட்டுசோவின் ரஷ்யர்கள். ரஷ்ய ஜெனரல் தொக்துரோவ் மலை சுற்றி வந்து பின்னால் இறங்க வேண்டும், பாதை கரடுமுரடு, பல மணி நேரம் பிந்துகிறார். பிரெஞ்சுப் பக்கம் துபோனின் டிவிஷன் அதே சாலையில் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. இரண்டு தாமதங்களுக்கும் ஆளுக்கொரு டைஸ் வைத்தால் போதும், மிச்சத்தைச் சந்து பார்த்துக்கொள்ளும். மேசை நான்கடிக்கு இரண்டடி இருந்தாலே நடக்கும், ஒரு ஓரம் முழுக்க ஆறு என்பதால் அந்தப் பக்கம் நிலப்பரப்பு செய்யும் வேலையும் மிச்சம். பிரெஞ்சுக்காரர் இருட்டும் வரை தாங்கினால் படகுகளில் தென்கரைக்குப் போய்விடலாம். எத்தனை படகு, சுற்றுக்கு எத்தனை பட்டாலியன் ஏறலாம் என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசி சுற்றில் சண்டை மேசையை விட்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே வந்துவிடும்.